உங்களுக்குத் தெரியுமா? கோளாறு கண்ணில் இல்லை, கம்பியில்!

இந்த ஒரு வரியைப் படிப்பதற்குள் உங்கள் கண்கள் நாலைந்து முறை தாவிவிட்டன! நொடிக்கு ஏறக்குறைய 3 தாவல். காலையில் விழித்ததிலிருந்து ராத்திரி படுக்கும்வரை கணக்குப் போடுங்கள். 1 லட்சத்தைத் தாண்டும்!

ஒரு கண்ணை அசைக்க 6 தசைகள். இரண்டு கண்ணுக்கும் 12. மூளையிலிருந்து 12 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன. ஆனால் இந்தப் பன்னிரண்டு தசைகளையும் ஆட்டிவைப்பது அதில் வெறும் 3 ஜோடி! மூன்றாம் நரம்பு, நான்காம் நரம்பு, ஆறாம் நரம்பு.

வேலைப் பங்கீட்டைக் கேளுங்கள். மூன்றாம் நரம்புக்கு ஒரு கண்ணில் 4 தசை. போதாததற்கு மேல் இமையைத் தூக்குகிற வேலையும் அதன் தலையில்! நான்காவதுக்கு ஒரே ஒரு தசை. ஆறாவதுக்கும் ஒன்றே ஒன்று: கண்ணைக் காதுப் பக்கமாக இழுக்கும் தசை.

நான்காம் நரம்பு ஒரு தனிப்பிறவி! மற்ற 11 ஜோடியும் மூளைக்கு முன்பக்கமோ பக்கவாட்டிலோ வெளியே வரும். இது மட்டும் முதுகுப் பக்கமாக வரும். வந்து, எதிர்ப்பக்கம் தாண்டி, சுற்றிக்கொண்டு கண்ணுக்குப் போகும். வலது மூளையில் பிறந்தது இடது கண்ணை இழுக்கும்! இருப்பதிலேயே ஒல்லியான நரம்பும் இதுதான், மண்டைக்குள் நெடுந்தூரம் போவதும் இதுதான்.

அது இழுக்கும் தசையோ இன்னும் விசேஷம். கண் குழியின் மூலையில் நிஜமான கப்பி ஒன்று இருக்கிறது! கிணற்றுக் கயிறு மாதிரி தசையின் நாண் அந்தக் கப்பி வழியாக ஓடித் திரும்புகிறது. உங்கள் மூக்கு ஓரத்தில், இப்போதும், இந்த நிமிடமும்!

இந்த நரம்புகளை எப்போது இழுத்துக் கட்டுகிறது உடம்பு? கரு தரித்த முதல் 2 மாதத்துக்குள்! நாலாவது வாரத்தில் கரு ஓர் உளுந்து அளவு. நாள் தள்ளிப்போனதே அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்திருக்கும். உள்ளே வயரிங் ஆரம்பமாகிவிட்டது!

அந்த வயரிங்கில் ஒரு கம்பி தப்பான பெட்டியில் போய்ச் சொருகிக்கொண்டால் என்ன ஆகும்? ஆயிரம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு ஆகியிருக்கிறது! பெயர் டுவேன் குறைபாடு.

நியூயார்க் கண் டாக்டர் அலெக்சாண்டர் டுவேன் 1905-ல் 54 பேரை வைத்து எழுதினார். அவருக்கு முன்னாலேயே ஜெர்மனியில் ஸ்டில்லிங் 1887-ல் பார்த்துவிட்டார்! பெயர் மட்டும் டுவேனுக்கு.

என்ன நடக்கிறது தெரியுமா? கண்ணைக் காதுப் பக்கம் திருப்பச் சொன்னால் திரும்பாது. மூக்குப் பக்கம் திருப்பச் சொன்னால் திரும்பும். ஆனால் திரும்பும்போதே கண் உருண்டை குழிக்குள் பின்வாங்கும்! இமை இடுக்கு சுருங்கும். எதிர் வீட்டுப் பிள்ளை நம்மைக் கண்டதும் கதவிடுக்கில் ஒளிந்துகொள்ளுமே, அப்படி!

காரணம் கேட்டால் மலைத்துப்போவீர்கள். ஆறாம் நரம்பே அங்கே இல்லை! அது வராத வீட்டுக்கு மூன்றாம் நரம்பு தன் கிளை ஒன்றை அனுப்பிவைத்திருக்கிறது. அதனால் உள்ளே இழுக்கும் தசைக்கும் வெளியே இழுக்கும் தசைக்கும் ஒரே நேரத்தில் உத்தரவு. இரண்டு பக்கமும் இழுத்தால் கண் எங்கே போகும்? பின்னால்தான்! இதை இறந்தவர் ஒருவரின் கண்ணையும் மூளையையும் ஆராய்ந்து கண்ணாரப் பார்த்துச் சொன்ன ஆண்டு 1980. டுவேன் எழுதி 75 வருஷம் கழித்து!

இன்னொன்று. ஏறக்குறைய 100-க்கு 60 பேருக்கு இது இடது கண்ணில்தான்! பெண்களுக்குத்தான் கொஞ்சம் அதிகம்!

டுவேன் உள்ளவர்களில் பலருக்குப் பார்வை இரட்டையாகத் தெரிவதே இல்லை. கழுத்தை லேசாகத் திருப்பி வைத்துக்கொண்டு உலகத்தை ஒன்றாகவே பார்க்கிறார்கள். சிலருக்குத் தமக்கு இப்படி ஒன்று இருப்பதே பெரியவர்களான பிறகுதான் தெரியவருகிறது!

டுவேன் உள்ள சிலருக்கு ஒரு வினோதம்: சாப்பிட ஆரம்பித்தால் கண்ணில் நீர் கொட்டும்! காரத்தால் இல்லை, துக்கத்தால் இல்லை. எச்சில் சுரப்பிக்குப் போகவேண்டிய கம்பி கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விட்டது. டாக்டர்கள் வைத்த பெயர் முதலைக் கண்ணீர்! பிறவியிலேயே!

சரி, இந்தக் கம்பியை மாற்றிப் போட்டது யார்? குடும்பம் குடும்பமாக வருகிற டுவேனுக்கு 2008-ல் ஆள் சிக்கியது. இரண்டாவது குரோமோசோமில் சி.எச்.என்.1 என்ற மரபணு! பாஸ்டனில் எலிசபெத் எங்கிள் குழு பிடித்தது. 7 குடும்பங்கள், 7 விதமான எழுத்துப்பிழை, எல்லாம் அந்த ஒரே மரபணுவில்!

நிரூபித்த விதம் அதைவிட அழகு. பிழையுள்ள மரபணுவைக் கோழி முட்டைக்குள் வளரும் கருவில் செலுத்தினார்கள். குஞ்சின் மூன்றாம் நரம்பு பாதி வழியிலேயே திகைத்து நின்றது! கண் தசைக்குப் போய்ச் சேரவே இல்லை!

அந்த மரபணு இங்கே சோம்பேறி இல்லை, அளவுக்கு மீறிச் சுறுசுறுப்பு. அதுதான் வினை! சரி, அது அடியோடு வேலை செய்யாவிட்டால்? ஜப்பானில் ஒரு சுண்டெலியைப் பார்த்தார்கள். நடக்கத் தெரியவில்லை, முயல் மாதிரி துள்ளித் துள்ளித்தான் போகும்! மிஃபி என்று படப்புத்தக முயலின் பெயரையே வைத்துவிட்டார்கள். மிகையானால் கண் பிசகும். இல்லாமல் போனால் கால் துள்ளும். ஒரே மரபணு!

சுண்டெலி என்றதும் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சுற்றிச் சுற்றி வட்டமாகவே ஓடும் ஒரு சுண்டெலி வகை உண்டு. ஜெர்மன் மொழியில் கிரைஸ்லர், அதாவது வட்டமடிப்பவன். அதன் காதுக்குள் கோளாறு. காரணம் மாஃப்பி மரபணு. 2016-ல் அதே மரபணு மனிதரிடம் அகப்பட்டது: டுவேன் வரும் குடும்பங்களில், அதில் ஒன்றில் காது கேளாமையும் சேர்ந்து! மாஃப்பி இல்லாத சுண்டெலியில் ஆறாம் நரம்பு முளைக்கவில்லை. காலி இடத்துக்கு மூன்றாம் நரம்பு தானாகவே கிளை விட்டது!

இப்போது கட்டைவிரல். கண்ணுக்கும் கட்டைவிரலுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சால்4 மரபணு! 20-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. இது ஒன்று பிசகினால் டுவேன் கண்ணும் வரும், கட்டைவிரல் சின்னதாகவோ இல்லாமலோ பிறக்கும்! கண்டுபிடித்தது 2002-ல்.

இதில் ஒரு கொடுமையும் ஒளிந்திருக்கிறது. தாலிடமைடு! 1957-ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தூக்க மருந்து. கர்ப்பிணிகள் மசக்கைக்குச் சாப்பிட்டார்கள். கை கால் குறுகி 10,000-க்கும் மேல் குழந்தைகள் பிறந்தன. 1961-ல் திரும்பப் பெற்றார்கள். ஸ்வீடனில் அப்படிப் பிறந்த 86 பேரைப் பின்னாளில் சோதித்தால், பலருக்கு டுவேன் மாதிரியே கண்!

இதில் ஒரு சங்கதி என்னை அப்படியே உட்கார வைத்துவிட்டது. தாலிடமைடு குழந்தைகள் என்று பதிவான சிலருக்கு உண்மையில் இருந்தது சால்4 மரபணுப் பிழை! 2003-ல் தெரிந்தது. அப்படியானால் மருந்து என்னதான் செய்தது? 2018-ல் பதில் வந்தது. உடம்புக்குள் போன தாலிடமைடு, சால்4 புரதத்தைப் பிடித்துக் குப்பையில் தள்ளச் செய்கிறது! மரபணு கெட்டாலும் அதே புரதம் போச்சு, மருந்து குடித்தாலும் அதே புரதம் போச்சு. அரை நூற்றாண்டுப் புதிர் ஒரு புரதத்தில் வந்து முடிந்தது!

அந்த மருந்து கருவைத் தாக்கும் காலம் எவ்வளவு தெரியுமா? கருவுற்ற 20-ஆம் நாளிலிருந்து 36-ஆம் நாள்வரை. வெறும் 2 வாரச் சொச்சம்!

அடுத்தது இரண்டு கண்ணும் கீழ்நோக்கியே பூட்டிக்கொண்ட குழந்தைகள். இமையும் பாதி மூடியிருக்கும். மோவாயைத் தூக்கி, தலையை அண்ணாந்து, இமைக்கு அடியில் இருக்கிற சந்து வழியாகத்தான் எதிரில் நிற்பவரைப் பார்ப்பார்கள். ஏறக்குறைய 2,30,000 பேரில் ஒருவருக்கு!

கண் தசை கெட்டுப்போய் நாராகிவிட்டது என்றுதான் காலம் காலமாக நினைத்தார்கள். நோயின் பெயரே அப்படி: கண் தசை நாராதல்! 1997-ல் அதே எங்கிள் ஒரு குடும்பத்தில் இறந்தவரின் கண்ணையும் மூளையையும் ஆராய்ந்தார். தசை அப்பாவி! மூன்றாம் நரம்பின் மேல் கிளையையே காணோம்! கம்பி வராத தசை பாவம், நாராகத்தானே ஆகும்?

2003-ல் குற்றவாளி மரபணு மாட்டியது. பெயர் கிஃப்21ஏ. இது செய்யும் புரதம் நடக்கும்! நிஜமாகவே நடக்கும்! கினெசின் என்ற குடும்பம். இரண்டு கால், முதுகில் மூட்டை, நரம்புக்குள் போட்ட தண்டவாளத்தின் மேல் ஒவ்வோர் எட்டாக நடை. கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிறவர்களைப் போலவே! ஓர் எட்டு 8 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்களவைக் கடக்க ஏறக்குறைய 10,000 எட்டு!

நம் மரபணுக்களில் இப்படி நடக்கும் புரதம் செய்பவை 45! அதில் ஒன்றே ஒன்று பிசகினால் கண் பூட்டிக்கொள்கிறது.

பிசகு எவ்வளவு பெரியது? ஓர் எழுத்து! நம் மரபணுத் தொகுப்பில் ஏறக்குறைய 300 கோடி எழுத்து. அதில் ஒரு 'சி' இருக்கவேண்டிய இடத்தில் 'டி'. புரதம் என்ற அமினோ அமில மாலையின் 954-ஆவது மணி மாறிவிடுகிறது. உலகம் முழுக்க, ஒருவருக்கொருவர் உறவே இல்லாத குடும்பங்களில், திரும்பத் திரும்ப அதே 954!

அந்தப் புரதத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை இல்லாதபோது தன்னையே மடித்துப் பூட்டிக்கொள்ளும். 954 மாறினால் பூட்டு பிடிக்காது. ஓய்வே இல்லாத கூலியாள்! அவனால்தான் நரம்பு வழி தவறுகிறது. 2014-ல் சுண்டெலியில் காட்டிவிட்டார்கள்!

இப்போது வருவதுதான் நான் தேடி எடுத்ததிலேயே முத்து. இதே வகைக் கண் பூட்டுக்கு 2010-ல் இன்னொரு மரபணு கிடைத்தது. டப்3. அது என்ன செய்கிறது? அந்தக் கூலியாள் நடக்கிற தண்டவாளத்தை! நடப்பவன் கெட்டாலும் கண் பூட்டும், நடக்கும் பாதை கெட்டாலும் கண் பூட்டும்!

டப்3-ல் எந்த இடத்தில் பிழை என்பதைப் பொறுத்து ஆளே மாறிவிடுகிறார். 262-ஆவது மணியில் என்றால் பெரும்பாலும் கண்ணோடு போகும். 410-ஆவது மணியில் என்றால் கண்ணும் அசையாது, முகத்தில் பலமும் இருக்காது, மல்லிகைப்பூவை மூக்கருகே வைத்தாலும் வாசனை தெரியாது!

ஒரே பிழை, ஒரே குடும்பம். அப்பாவுக்கு இமை லேசாகத் தாழ்ந்திருக்கும், அவ்வளவுதான். பிள்ளைக்கு இரண்டு கண்ணும் அசையாது! அடுத்த பிள்ளைக்கு வருமா, வராதா? பூவா தலையா போட்டுப் பார்ப்பது மாதிரி. சரிபாதி வாய்ப்பு!

வேறு சில பிழைகள் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் தலைகாட்டும். ஃபாக்ஸ்2ஏ அந்த ரகம். 2001-ல் சவுதி குடும்பங்களில் கண்டுபிடித்தார்கள். இந்த நோய் வரிசையில் முதலில் சிக்கிய மரபணு இதுதான்! இது கெட்டால் மூன்றாம் நரம்பும் நான்காம் நரம்பும் உருவாவதே இல்லை. மிச்சம் ஆறாம் நரம்பு மட்டும். அது தன்னந்தனியாக இழுத்து, இரண்டு கண்ணையும் வெளிப்பக்கம் நிறுத்திவிடும்!

அந்தக் குடும்பங்கள் சொந்தத்துக்குள் கல்யாணம் செய்துகொண்டவை. நம் ஊர்க் கணக்கையும் சொல்லிவிடவேண்டும். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் பிறக்கும் குழந்தைக்கு எந்த ஒரு மரபணுவும் ஒரே மூதாதையிடமிருந்து இரண்டு பக்கமும் வந்து சேரும் வாய்ப்பு 16-ல் 1. அக்காள் மகளை மாமன் கட்டிக்கொண்டால்? 8-ல் 1! சரியாக இரண்டு மடங்கு!

கடல் தாண்டி ஒரு ஜோடி. அமெரிக்காவின் நவாஹோ, அப்பாச்சிப் பழங்குடிகளில் சில குழந்தைகள் கண்ணைப் பக்கவாட்டில் திருப்ப முடியாமல், காது கேளாமல் பிறந்தன. சவுதி அரேபியாவிலும் அதே மாதிரிக் குழந்தைகள். 2005-ல் பார்த்தால் இரண்டு இடத்திலும் ஒரே மரபணு, ஹாக்ஸ்ஏ1! பிழை விழுந்த இடமோ வெவ்வேறு: அமெரிக்காவில் 26-ஆவது மணி, சவுதியில் பலருக்கு 59-ஐ ஒட்டி. சிலருக்குக் கழுத்தில் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் ஒரு பக்கம் இல்லவே இல்லை! இந்த ஹாக்ஸ் குடும்பத்தை முதன்முதலில் காட்டிக்கொடுத்தது யார்? வாழைப்பழத்தை மொய்க்கும் பழ ஈ!

பழ ஈ தந்த இன்னொரு பரிசு ரோபோ3. இயந்திர மனிதன் என்று நினைத்துவிடாதீர்கள். ரவுண்டானா! ஒரு வகை ஈயில் நரம்புகள் உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டி, திரும்பி, மறுபடி தாண்டிச் சுற்றிக்கொண்டே இருந்தன. பார்த்தவர்கள் ரவுண்டானா என்று பெயர் வைத்தார்கள், அதன் ஆங்கிலச் சுருக்கம்தான் ரோபோ!

நம் உடம்பில் வலது மூளை இடது கையை ஆட்டுகிறது, இடது மூளை வலது கையை ஆட்டுகிறது. பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். ஆனால் அப்படி இல்லாதவர்கள் இருக்கிறார்கள்! ரோபோ3 மரபணுவின் இரண்டு பிரதியும் கெட்டவர்களுக்கு நரம்புகள் நடுக்கோட்டைத் தாண்டுவதில்லை. வலது மூளைக்கு வலது கை, இடது மூளைக்கு இடது கை!

அவர்கள் தடுமாறுவார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை! எழுதுகிறார்கள், நடக்கிறார்கள், பொருளை லாகவமாகப் பிடிக்கிறார்கள். காட்டிக்கொடுப்பது இரண்டே விஷயம். கண் மேலும் கீழும் தாராளமாக அசையும், பக்கவாட்டில் மட்டும் அசையாது. வளர வளர முதுகெலும்பு வளையும். எம்.ஆர்.ஐ. எடுத்தால் முகுளம் வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் தெரிகிறது! மரபணு பிடிபட்டது 2004-ல்.

கம்பி கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் வழியிலும் மாறலாம். வண்டலூரில் வெள்ளைப் புலி பார்த்திருப்பீர்களே? வெள்ளைப் புலிகளில் சிலவற்றுக்கு மாறுகண் உண்டு! நிறமி குறைந்தால் பார்வை நரம்பு இழைகள் அளவுக்கு மீறி எதிர்ப்பக்கம் தாண்டிவிடும். சயாமியப் பூனைகளுக்கும் அதே கதை!

பிறந்த சில மாதத்திலேயே கண்கள் இடவலமாக ஊஞ்சல் ஆடும் குழந்தைகள் உண்டு. 2006-ல் எக்ஸ் குரோமோசோமில் எஃப்.ஆர்.எம்.டி.7 என்ற மரபணு பிடிபட்டது. கண் ஆடுகிறது, ஆனால் அவர்களுக்கு உலகம் ஆடுவதில்லை! மூளை ஆட்டத்தைக் கழித்துவிட்டு நிலையான படம் காட்டுகிறது. தலையை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் திருப்பிவைத்தால் கண்ணாட்டமும் அடங்குகிறது. அந்தக் கோணத்தைக் குழந்தையே கண்டுபிடித்துக்கொள்கிறது!

ஆகவே, தலையைச் சாய்த்தே பார்க்கும் பிள்ளையை "நேராப் பாரு" என்று தயவுசெய்து அதட்டாதீர்கள். அது பார்ப்பதற்காகத்தான் சாய்க்கிறது! கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லி வருஷத்தைக் கடத்தவும் வேண்டாம். பயன்படாத கண்ணின் படத்தை மூளை சின்ன வயதிலேயே ஒதுக்கிவிடும்!

நான்காம் நரம்பு பிறவியிலேயே பலவீனமானவர்களைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் கேட்கும் சோதனை என்ன தெரியுமா? பழைய ஆல்பம்! பிறந்தநாள், பள்ளிக்கூடம், கல்யாணம் என்று எல்லா போட்டோவிலும் தலை ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். மாவீரன் அலெக்சாண்டரின் தலை சாய்ந்தே இருந்ததாகப் பழைய வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அவருக்கும் இந்த நான்காம் நரம்புக் கோளாறுதான் என்று வாதாடும் கண் டாக்டர்கள் உண்டு!

மென்றால் கண் அடிக்கும் குழந்தை! 1883-ல் மார்கஸ் கன் என்ற டாக்டர் 15 வயதுப் பெண் ஒருத்தியைக் காட்டினார். தாடை அசையும்போதெல்லாம் தாழ்ந்திருந்த இமை விருட்டென்று மேலே போனது! மெல்லும் தசைக்குப் போகவேண்டிய ஐந்தாம் நரம்பு, இமைக்கும் ஒரு கிளை கொடுத்திருக்கிறது. முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் அம்மாதான். பால் குடிக்கும்போது குழந்தையின் ஒரு கண் மட்டும் திறந்து திறந்து மூடும்!

இத்தனை நோயும் ஒரே குடும்பம் என்று உலக நிபுணர்கள் கூடி ஒரு பொதுப் பெயர் சூட்டியது எப்போது? 2002 அக்டோபரில், நெதர்லாந்தின் நார்டன் நகரில்! அதற்கு முன் ஒவ்வொன்றும் தனித்தனி அனாதை.

பிழை மரபணுவுக்குள்தான் இருக்கவேண்டும் என்றில்லை! பிறவியிலேயே முகம் அசையாத சில குடும்பங்களில் எந்த மரபணுவிலும் தவறு இல்லை. 2023-ல் மூன்றாவது குரோமோசோமில் கண்டுபிடித்தார்கள். காடா2 என்ற மரபணுவை எப்போது நிறுத்தவேண்டும் என்று சொல்லும் சுவிட்சு பழுது! பல்பு நன்றாக இருக்கிறது, சுவிட்சு போச்சு!

ஆறாம் நரம்பும் ஏழாம் நரம்பும் சேர்ந்து இல்லாமல் போனால் மோபியஸ் குறைபாடு. கண்ணைப் பக்கவாட்டில் திருப்ப முடியாது, சிரிக்க முடியாது. உள்ளே எவ்வளவு சந்தோஷம் பொங்கினாலும் முகத்தில் ஒரு கோடு அசையாது. 1888-ல் விவரித்தவர் ஜெர்மன் நரம்பியல் டாக்டர் பால் யூலியஸ் மோபியஸ். ஒரே பக்கம் மட்டுமே உள்ள காகித வளையம், மோபியஸ் பட்டை, கேள்விப்பட்டிருப்பீர்களே? அதைத் தந்த கணித மேதை இவருடைய தாத்தா!

மோபியஸ் குழந்தைக்குச் சிரிப்பு வாங்கித் தரலாம்! தொடையின் உட்புறத்திலிருந்து ஒரு மெல்லிய தசையை எடுத்துக் கன்னத்தில் வைத்துத் தைக்கிறார்கள். அதற்குக் கரண்ட் எங்கிருந்து? மெல்லும் நரம்பிலிருந்து! முதல் சில வாரம் ஒன்றும் அசையாது. நரம்பு மெல்ல மெல்ல உள்ளே வளரும். பிறகு ஒருநாள் குழந்தை பல்லைக் கடிக்கும், வாயோரம் மேலே ஏறும்! கண்ணாடி முன்னால் நின்று பழகப் பழக, பலருக்குப் பல்லைக் கடிக்காமலேயே அந்தச் சிரிப்பு வந்துவிடுகிறது. தொடைத் தசை கன்னத்தில் சிரிக்கிறது!